பேனா அம்மை

அவ்வளவு தூரம் நகர்ந்து உட்கார வேண்டாம் அக்கா, ஒட்டாது. இந்தப் பெஞ்சில் இருக்கிற எல்லாரையும்விட ஒட்டாத வியாதி என்னுடையதுதான். டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். நம்பிக்கை இல்லையென்றால் சீட்டைக் காட்டுகிறேன். வேண்டாமா? சரி, நல்லது.

எனக்கு டோக்கன் ஐம்பத்தேழு. இப்போதுதான் முப்பத்தெட்டு உள்ளே போயிருக்கிறது. உங்களுக்கு அறுபதா? அப்போ நேரம் கிடக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்க கேட்பீங்க, “என்னம்மா சாப்பிட்ட?” என்று. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கத்தரிக்காய் சாப்பிடவில்லை. கருவாடு சாப்பிடவில்லை. முட்டை, நிலக்கடலை, தக்காளி, நண்டு, ஒன்றும் கிடையாது. இந்த மாதம் முழுக்க நான் தின்பது புடலங்காயும் மோர்ச்சோறும். அப்படியும் வருகிறது. இதோ, கழுத்து, முழங்கை, இடுப்பு. வரும்போது கொசு கடித்த மாதிரி சின்னதாக வரும். அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்து இலங்கை மேப் மாதிரி ஆகிவிடும். சொறிந்தால் இன்னும் வரும். சொறியாமல் இருக்க முடியாது.

திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. ப்ளஸ் டூ துணைத் தேர்வு. நாலு பாடம் நிற்கிறது. இன்றைக்கு வெள்ளி. இன்றைக்கு டாக்டரம்மா என்ன வழி சொல்கிறாரோ அதை வைத்துத்தான் நான் ஹாலில் மூன்று மணி நேரம் உட்காருவேனா இல்லையா என்பது. உட்காரவில்லையென்றால் ஜவுளிக்கடை. எங்கள் அத்தை சுடிதார் செக்‌ஷனில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. பகல் முழுக்க நின்றுகொண்டு சிரிக்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் கிடையாது. இதைக் கேட்கிற எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள், “பரீட்சைப் பயமா இருக்கும்” என்று. பயப்படுகிறவள் எல்கேஜியிலிருந்து ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குவாளா? நீங்களே சொல்லுங்க.

என்னைக் கெடுத்தது பயம் இல்லை. பெனிட்டா.

பெனிட்டா யாரென்றால் என் கூடப் படித்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அம்மா எமிமா சிஸ்டர் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் சுயம்புகனி. எல்லாரும் கனி என்பார்கள். என் பேர் நீளம், அவள் பேர் சின்னது, இரண்டையும் சேர்த்து ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அந்த நோட்டைக் கிழித்துவிட்டேன். நானே கிழித்தேன், யாரும் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா ப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைனர். எங்கள் ஊரில் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடைத் திருவிழா, எந்த போர்டு நின்றாலும் அது அப்பா கைவேலைதான். பொங்கல் லீவில் ஒருநாள் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். வேலை செய்கிற பையன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பத்தடிக்கு ஆறடி போர்டு. நடுவில் நான். எனக்குப் பின்னால் சூரியன் மாதிரி மஞ்சள் மஞ்சளாகக் கோடு. மேலே ‘எங்கள் ஊரின் வருங்கால மருத்துவர்’ என்று போட்டிருந்தது. கீழே சிவப்பில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒன்றும் இல்லை.

“மார்க்கு மட்டும்தாம்மா போடணும். ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷம் பஸ் ஸ்டாண்டுல நிக்கும். எவனெவன் பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னானோ, எல்லாவனும் அண்ணாந்து பாக்கட்டும்.”

என் முகத்தில் பரு இருக்கிறதே, போட்டோவில் அதையெல்லாம் துடைத்து எடுத்திருந்தார். மாவு பூசி வைத்த மாதிரி இருந்தது. “இது யாருப்பா?” என்று கேட்டேன். “நீதாம்மா” என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அப்பா மாதிரி ஒரு மனுஷன் கிடையாது அக்கா, என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில்தான் கழுத்தில் முதல் தடவை அரித்தது. அந்தக் கடையில் மை நாற்றம் தூக்கியடிக்கும். மை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தினமும் வர ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு வரும். பதினோரு மணிக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போடுவதில்லை அல்லவா, அதனால் துணிதான் காரணம் என்று அம்மா முடிவு கட்டினாள். யூனிஃபார்மைச் சீயக்காய்த் தண்ணீரில் ஊறப் போட்டாள், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காய வைத்தாள். பிறகு சோப்பை மாற்றினாள். பிறகு கத்தரிக்காயை நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் கண்ணு போட்டுவிட்டார்கள் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மிளகாய்க் காந்தலில் இருமினேனே தவிர, அரிப்பு அப்படியே இருந்தது.

பெனிட்டாதான் ஒருநாள் உளறினாள்.

“கனி, நான் கவனிச்சுப் பாத்துட்டேன். டெஸ்ட் இருக்குத அன்னைக்குத்தாம்ட்டி உனக்குக் கூடுதலா வருது.”

“அப்போ கொஸ்டின் பேப்பர்ல எதையோ தடவித் தாராங்க.”

“வெளையாடாதட்டி.”

“நீ பெரிய டாக்டரு. போட்டி அங்கிட்டு.”

சிரித்தாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து அவள் பையில் ரோஸ் நிறத்தில் ஒரு லோஷன் பாட்டில் இருந்தது. இன்டர்வெல்லில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய் முதுகில் தடவிவிடுவாள். காய்கிற வரைக்கும் நோட்டால் விசிறுவாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவள் துரோகி என்பதற்காக அதை நான் மறைக்க மாட்டேன். செய்ததைச் செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு. இயற்பியலில் எழுபதுக்கு நாற்பத்தெட்டு. சார் என் பேப்பரைத் தூக்கிக் காட்டி, “ஸ்கூல் ஃபர்ஸ்ட் வரும்னு அப்பா போர்டே ரெடி பண்ணிட்டாராமே, இந்த மார்க்கை அதுல போடலாமா?” என்றார். கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் என் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. சாப்பாட்டில் கூட்டாஞ்சோறு. அதில் ஒரு துண்டு கத்தரிக்காய் கிடந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். கிடந்ததோ என்னவோ.

மார்ச்சில் திங்கட்கிழமை முதல் பரீட்சை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை, கன்னம், கழுத்து, தொடை வரைக்கும் சிவப்புத் தடிப்பு. இடமே பாக்கி இல்லை. அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டிலிருந்து அத்தை ஓடி வந்தாள். அப்பாவின் அக்கா, சந்தனமாரி அத்தை. முத்தாரம்மன் கோயிலில் கொடைக்குக் கொடை சாமியாடுகிறவள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை இல்லை, என் தடிப்பை.

“ஆத்தா வந்திருக்கா. எனக்கு நேத்தே உடம்பு சிலுத்துது.”

“எறும்பு கடிச்ச மாதிரில்லா இருக்கு மைனி” என்றாள் அம்மா.

“முத்தைப் பாத்து எறும்புக்கடிங்க! வாயக் கழுவுட்டி முதல்ல. குலசேகரம் வீட்டு மரத்துல ஒரு கொத்து வேப்பிலை ஒடிச்சிட்டு வரச்சொல்லு உம் புருசன.”

அவ்வளவுதான். அம்மை என்று தீர்மானம் ஆகிவிட்டது. உங்கள் ஊரிலும் இப்படித்தானே? வாசலில் வேப்பிலைக் கொத்து. வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. டாக்டரிடம் போகவே கூடாது, ஊசி போட்டால் ஆத்தாவைக் குத்துகிற மாதிரி. வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு இளநீரும் கூழும் குடிக்க வேண்டும். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை நடையைத் தாண்டக் கூடாது. முதல் தண்ணீரே அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் என்று அத்தை சொல்லிவிட்டாள். மூன்றாவது தண்ணீர் முடிவதற்குள் பரீட்சை பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

கிளாஸ் டீச்சர் போன் செய்தார். அம்மை போட்ட பிள்ளைகளுக்குத் தனி ரூம் தருவார்கள், அனுப்பி வையுங்கள் என்றார். அத்தை போனை வாங்கினாள்.

“டீச்சர், பரீட்சை அடுத்த வருசமும் வரும். ஆத்தா கோவிச்சுக்கிட்டா அடுத்த வருசம் பிள்ள வராது. வைங்க.”

அப்பா வேப்பிலையைச் சொருகிவிட்டு, ரொம்ப நேரம் நடையில் நின்றார்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்க என்னைத் திட்டலாம், பரவாயில்லை. அன்றைக்கு மத்தியானமே என் உடம்பில் ஒன்றும் இல்லை. அழித்த சிலேட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. நான் உயிரியல் படித்தவள் அக்கா. அம்மையென்றால் கொப்புளத்தில் நீர் கோக்கும், பொருக்குத் தட்டும், இப்படி நாலு மணி நேரத்தில் ஓடிப் போகாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் சொல்கிறவள் கிடையாது.

அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, பொங்கலுக்கு அப்புறம் அப்படித் தூங்கியதே இல்லை. வேப்பிலைக் குளிர்ச்சி. அதற்கு அப்படித் தூக்கம் வரும் என்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அத்தை காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை வந்து முத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். தொட மாட்டாள், எட்ட நின்று பார்ப்பாள். காட்ட ஒன்றும் இல்லையே! அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே என் தோலில் எங்கே கீறினாலும் அந்த இடம் தடித்து எழும்பும். பையின் வார் பட்ட இடம், ஸ்கேல் பட்ட இடம், எல்லாம் கோடு கோடாக நிற்கும். பேனாவின் பின்பக்கத்தை எடுத்தேன். கையில் வைத்து அழுத்திச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். கழுத்தில் ஏழெட்டு, கையில் பத்து. ஐந்து நிமிஷத்தில் குண்டு குண்டாக எழும்பியது. அத்தை வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

“பாத்தியா வசந்தா, சாயங்காலமானா முத்து எப்படித் தெளிஞ்சு வருதுன்னு. மகராசி, வெளயாடுதா.”

சிரிப்பை அடக்க நான் திரும்பிப் படுக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமையும் அப்படியே. படம் வரைகிற மாதிரி தினமும் இரண்டு வேளை. அப்படி ஒரு நிம்மதி, இரண்டு நாள்.

சனிக்கிழமை பெனிட்டா வந்தாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், வேப்பிலைக்குப் பயம் கிடையாது. ஆனாலும் அத்தை விடமாட்டாள் என்று பின்பக்கம் கோழிக்கூட்டுமேல் ஏறி ஜன்னலைத் தட்டினாள்.

“கனி, ரொம்ப எரியுதாட்டி?”

எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் முகம் அவ்வளவு வாடிப் போயிருந்தது. என்னிடம் இருந்த பெரிய ரகசியம், அதை அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? முன்கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன். “பாத்துக்கிட்டே இரு” என்றேன். பேனாவின் பின்பக்கத்தால் ‘பெனி’ என்று எழுதினேன். முதலில் வெள்ளையாக இருந்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் அவள் பேர் என் கையில் மேடாக எழும்பி நின்றது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்போ அம்மை இல்லையா?”

“மெதுவாப் பேசுட்டி.”

“திங்கக்கிழமை பரீட்சைல்லா கனி?”

“ஆத்தா விடமாட்டாளே. நான் என்ன செய்ய?”

“உனக்குப் பயமா இருக்கா?”

“எனக்கென்ன பயம்? சத்தியம் பண்ணு, யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு.”

நீட்டியிருந்த என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்தப் பேர் எழுதின கையில்தான். போகும்போது கோழிக்கூட்டிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நான்தான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு எமிமா சிஸ்டர் வீட்டுக்குள் வந்துவிட்டார். கையில் பைபிள், வெள்ளைச் சேலை. வேப்பிலையை ஒதுக்கிவிட்டு நேரே உள்ளே. பின்னால் பெனிட்டா, தலையைக் குனிந்துகொண்டு. அவளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை அக்கா.

அத்தை வழியை மறித்தாள். “சிஸ்டர், ஆத்தா இருக்க எடம். நீங்க பாட்டுக்கு வாரீங்க.”

“இருக்கட்டும்மா. கும்பிட்டுட்டே பாக்கேன்” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்தார். அப்பா, அம்மா, அத்தை, மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலை நாலு. எல்லாரும் பார்க்க, தன் விரல் நகத்தால் என் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு சிவந்தது, தடித்தது, கயிறு மாதிரி எழும்பி நின்றது. சிஸ்டர் அப்பா பக்கம் திரும்பினார்.

“இது அம்மை இல்ல லிங்கதுரை அண்ணாச்சி. பிள்ள பயந்து போயிருக்கு. பயம் உள்ள கெடந்து கெடந்து தோல்ல வருது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, மாத்திரை போட்டுட்டுப் பரீட்சையும் எழுதட்டும்.”

“ஆத்தா முத்துமேல கோடு போட்டா பாக்கீங்க!” என்று அத்தை கத்தினாள். அதற்குள் அம்மா தலையணைக்குக் கீழே கையை விட்டாள். பேனா கிடைத்தது.

அம்மா அடிக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக அவள் கும்பிட்டது பேனாவின் பின்பக்கத்தை என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? அவளுக்காகக்கூட எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அப்பா எழுந்து போய் வேப்பிலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். திரும்பி வந்து, “காலைல எட்டு மணிக்குக் கிளம்பி நில்லு” என்றார். அவ்வளவுதான் பேசினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்று இருந்தேன். கேட்கவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

பெனிட்டா என்னிடம் வந்து, “கனி, எழுதாம விட்டா நீ அழுவன்னுதாம்ட்டி…” என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் தெருவே என்னை வேடிக்கை பார்த்தது. பள்ளிக்கூட வாசலில் எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பேனா அம்மை. “ஏட்டி பேனா அம்மை, நமக்கும் ரெண்டு முத்து வரைஞ்சு விடேன், லீவு போடணும்.” ஹால் கதவு வரைக்கும் அதுதான். தமிழ் எழுதினேன். ஆங்கிலம் எழுதினேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்படியோ எழுதினேன். இயற்பியல் அன்றைக்குக் கொஸ்டின் பேப்பரை வாங்கும்போதே உள்ளங்கை தடித்துவிட்டது. விரல் மடங்கவில்லை, பேனா நிற்கவில்லை. அடுத்த பெஞ்சுப் பிள்ளை எழுந்து, “மிஸ், இவளுக்கு அம்மை, நான் வேற எடத்துல உக்காருதேன்” என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, “பயப்படாதட்டி, பேனா அம்மைதான்” என்றாள். பரீட்சை ஹாலில் அத்தனை பேர் சிரித்து நான் கேட்டதே இல்லை. மேற்பார்வைக்கு வந்த மிஸ் மேஜையைத் தட்டினார். நான் ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. வெளியே விடுகிற நேரம் வந்ததும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வேதியியல், கணக்கு, உயிரியல் மூன்றுக்கும் போகவே இல்லை. ரிசல்ட் வந்தது. தமிழில் தொண்ணூற்றொன்று. அதை யார் கேட்டார்கள்?

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாவம், அம்மை போட்டுவிட்டது, நல்ல பிள்ளை, எழுதியிருந்தால் முதல் மார்க் வாங்கியிருப்பாள் என்றுதானே ஊர் சொல்லியிருக்கும்? இப்போதும் எழுதவில்லை, அப்போதும் எழுதியிருக்க மாட்டேன். வித்தியாசம் என்ன? எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். சத்தியம் செய்தவள்.

இந்த டாக்டரம்மா நல்ல மாதிரிதான். மே மாதம் முதல் தடவை வந்தபோது படம் போட்டு விளக்கினார். மனசில் பதற்றம் வந்தால் உடம்பு என்னத்தையோ சுரக்கிறதாம், அது தோலுக்குப் போய் அரிப்பைக் கிளப்புகிறதாம். அரித்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் பதற்றம் கூடும், கூடினால் மறுபடி அரிப்பு. செக்குமாடு மாதிரி அதிலேயே சுற்றும் என்றார். “நீ வேணும்னு வரவைக்கல. ஆனா உனக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும்” என்றார். “கவலை, பயம் ஏதாவது இருக்காம்மா?” என்றார். இல்லை என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன்.

அதனால்தான் இந்த நோட்டு. எப்போது வருகிறது, அப்போது என்ன நடந்தது, எழுதிக்கொண்டு வா என்றார். ஒழுங்காக எழுதியிருக்கிறேன், பாருங்க. மே இருபத்தெட்டு, மாலை ஐந்து. அப்பா எனக்காகத் துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். கழுத்தில் தடிப்பு. காரணம், பலாச்சுளை. ஜூன் ஒன்பது, காலை. பஸ் பள்ளிக்கூடம் வழியாகப் போனது. இரண்டு கையிலும் தடிப்பு. காரணம், பஸ் கம்பியில் துரு. ஜூன் பதினாலு. அப்பா கடைக்குச் சோறு கொண்டு போனேன், அந்த போர்டு இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. உதடு வீக்கம். காரணம், மை. ஜூன் பதினேழு, ஹால் டிக்கெட் வந்தது. உடம்பு முழுக்க. காரணம்…

ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கவில்லையா? சரி.

காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு நான் கஞ்சி மட்டும்தான் குடித்திருந்தேன்.

நேற்று பெனிட்டாவிடமிருந்து மெசேஜ் வந்தது. மூன்று மாதம் கழித்து. அவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். ‘நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வரட்டா கனி?’ என்று மட்டும் போட்டிருந்தாள். பார்த்ததும் கொதித்தது. இப்போது பாருங்க, எப்படி வரப்போகிறது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம். ஒரு புள்ளிகூட வரவில்லை. அதை நோட்டில் எழுதவில்லை. வராததை எழுதச் சொல்லவில்லை டாக்டரம்மா. பதிலும் போடவில்லை.

அம்மா ஏன் வரவில்லை என்கிறீங்களா? அம்மா முத்தாரம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள், மன்னிப்புக் கேட்க. ஆத்தாவைக் கேலி செய்ததால்தான் இது இறங்க மாட்டேன் என்கிறது என்று அத்தை சொல்கிறாள். அப்பாவுக்கு அவசரமாக ஒரு கல்யாண போர்டு. போன தடவையே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார், அடுத்த தடவை தனியாக வராதே, கூட யாரையாவது கூட்டி வா, உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது பேச வேண்டும் என்று. திங்கட்கிழமைக்கு முன்னால் இதுதான் கடைசி. நான் தனியாகப் போய் நின்றால் மறுபடி அதையே கேட்பார். நான் மறுபடி அதையே சொல்வேன். எனக்குத் தெரியும், நான் அதையேதான் சொல்வேன். வேறு எதுவும் என் வாயில் வராது அக்கா. முயற்சி பண்ணிப் பார்த்தேன், பஸ்ஸில் வரும்போது, மனசுக்குள்ளேயே. ‘எனக்கு’ என்கிற வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் வரவில்லை.

ஐம்பத்தாறு போய்விட்டதா?

நீங்க வாங்களேன் என்னோடு. உங்கள் டோக்கனும் பக்கத்தில்தானே. சித்தி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் பேச வேண்டாம், கூட நின்றால் போதும். அவர் கேட்டால், இந்தப் பிள்ளைக்குப் பயமெல்லாம் கிடையாது டாக்டர் என்று ஒரே ஒரு வார்த்தை…

என்ன அப்படிப் பார்க்கிறீங்க?

தப்பு பண்ணிவிட்டேன். உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கக் கூடாது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கதவைத் தாண்டினதும் நீங்க சொல்லிவிடுவீங்க. போர்டு, நாற்பத்தெட்டு மார்க், பேனா, எல்லாவற்றையும். முன்னேபின்னே தெரியாத ஆள் நீங்க, ஆனாலும் சொல்லிவிடுவீங்க. அவளும் இப்படித்தான் பார்த்தாள், கோழிக்கூட்டுமேல் நின்றுகொண்டு.

ஐம்பத்தேழு என்று கூப்பிடுகிறார்கள். சத்தமாகத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்குக் கேட்கிறது.

எழுந்திருங்க அக்கா. சத்தியம் எதுவும் கேட்க மாட்டேன். உள்ளே போனதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். நீங்க சொல்லிடுங்க.